நிமிர்ந்த முதுமை

பொள்ளாச்சிப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920 ஆம் ஆண்டு பிறந்து, சிறுமியாக இருந்தபோதே தந்தையாரிடம் யோகாசனம் பயின்று, பின்னாளில் கோயம்புத்தூர் கணபதியில் தம் மக்களுக்கும் பேரன் பேத்திகளுக்கும் நாடிவந்த பிறர்க்கும் அதைக் கற்பித்துவந்த நானம்மாள் அவர்களின் கையில் பத்மஸ்ரீ விருது சேர்ந்தபோது அவருக்குப் பிராயம் 98. தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து, மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, சிறிய மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கிப் பண்ணயம் பார்த்த பாப்பம்மாள் அவர்களோ, 2021 இல் அதே விருது அறிவிக்கப்பட்ட காலத்தில் நூறு பிராயத்தைக் கடந்தும் தம் இரண்டரை ஏக்கர் இயற்கை விவசாயத்தைக் கைவிடாதிருந்தார். முன்னவர் 2019 இலும் பின்னவர் 2024 இலும் மறைந்தனர்; ஆயினும் கொங்கு நாட்டில் முதுமையைப் பற்றிப் பேச்செடுத்தால் இவ்விருவரையும் நினையாமல் மேலே செல்ல முடியாது.

ஆயுள் ஒருவருடைய ஸ்வாதீனத்தில் உள்ளதன்று. ஆகையால் அதன் நீளத்தை மட்டும் கண்டு வியப்பதில் நமக்குப் பிரயோஜனம் இல்லை. விடிந்ததும் எழுந்து செய்வதற்குத் தமக்கென்று ஒரு காரியத்தை அவர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், அக்காரியத்தை நம்பி நான்கு பேர் அவர்களை நாடி வந்தார்கள் என்பதுமே கருதத்தக்கவை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை பழகி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58 ஆம் பிராயத்தில் ஓய்வு பெற்ற பிறகு, 1976 இல் வெறும் 11 படுக்கைகளோடு அந்த ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். பின்னர் கோவையிலும் அதற்குக் கிளை உண்டாயிற்று. ஓய்வு பெறும் வயதில் தொடங்கிய ஒருவருடைய முயற்சியால், கண்புரையால் முடங்கிக் கிடந்த எத்தனையோ முதியவர்கள் மீண்டும் தம் வேலையைத் தாமே பார்க்கலானார்கள்.

உழைப்பில் கொங்கு நாட்டாருக்கு ஒருவர் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. எழுபது பிராயம் கடந்த பெரியவர் இருட்டோடு எழுந்து, கட்டுத்தரையில் சாணம் வாரி, எருமைக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்த பிறகே காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கும் காட்சியை எந்தத் தோட்டத்துச் சாளை வீட்டிலும் இன்றும் காணலாம். அவருக்குக் குறைவாக உள்ளது வேறொன்று. "உடம்பு எப்படியிருக்குதுங்க ஆத்தா?" என்று பக்கத்துத் தோட்டத்தார் விசாரித்தால், இரவெல்லாம் மூட்டு வலியில் தூங்காத கிழவியும், "எனக்கென்ன சாமி, நல்லாத்தான் இருக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். பிறருக்குப் பாரமாகக் கூடாது என்னும் அந்த மானவுணர்ச்சி மதிக்கத்தக்கதே. ஆனால் நோயையும் தனிமையையும் மறைத்து வைப்பதற்கு அதுவே காரணமாகும்போது, இத்தனை நாள் காப்பாற்றிய குணமே இறுதியில் அவளைக் கைவிட்டுவிடுகிறது. தமக்கென்று ஒரு காரியமும், வேண்டியபோது உதவி கேட்கக் கூச்சப்படாத மனமும் ஒருங்கே அமைந்தால்தான் முதுமையில் தைரியம் பூரணமாகும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முன் காலத்தில் உதவியைக் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் நேர்ந்ததில்லை. கூட்டுக் குடும்பத்தில் அது கேளாமலே வந்து சேர்ந்தது. இன்றோ, தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் முந்திக் குறைந்த பிரதேசங்களுள் ஒன்றான கொங்கு நாட்டில், ஒற்றைப் பிள்ளையைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பிவிட்டு, பெரியவர்கள் இருவர் மட்டும் வாழும் வீடுகள் மலிந்துவிட்டன. 2011 ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 பிராயம் கடந்தவர்களாய் இருந்தனர். ஊரை விட்டு விலகிய சாளைகளில் தனித்திருப்போருக்கு ஆபத்தும் உண்டு என்பதைப் பல்லடம், சிவகிரிப் பக்கங்களில் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கோரக் கொலைகள் உணர்த்தின. காலையிலும் மாலையிலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தாரோடு போனில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொள்வதும், அந்த அழைப்பு வராத அன்று அவர்கள் வந்து பார்ப்பதும் காசு செலவில்லாத பெரிய காவல்.

சரீர விஷயத்தில் முதியவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது கீழே விழுவதற்கு. பிராயம் ஏற ஏறத் தசை வற்றுகிறது, எலும்பு மெலிகிறது, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுகிறது. குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருள் பலர் பழைய நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் அணையாத ஒரு சிறு விளக்கும், உட்கார்ந்து எழுவதற்கு ஏற்ற கழிப்பறையும் அமைத்துக்கொள்வதை முதுமையிடம் தோற்றதாக எண்ணலாகாது. வாரத்தில் 150 நிமிஷமாவது நடை போன்ற மிதமான தேகப்பயிற்சியும், மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்குரிய பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதற்கு விழாமல் காப்பதும் ஒரு காரணம். காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர், நாளடைவில் சம்பாஷணையையே விட்டுவிடுகிறார். அந்த ஒதுக்கம் ஞாபக சக்தியையும் பாதிக்கக்கூடும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடைபெறுகிறது. கிராமச் சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொண்டால் போதும்.

சொத்து விஷயம் இதைக் காட்டிலும் நுட்பமானது. பாசத்தின் மிகுதியால் பூமியையும் வீட்டையும் தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் ஒரு வேளைச் சோற்றுக்கு மகன் முகத்தைப் பார்த்து நிற்கும் பெற்றோர் எந்த ஜாதியிலும் எந்த ஊரிலும் உண்டு. தம் ஆயுள் பரியந்தம் ஆண்டனுபவிக்கும் பாத்தியதையையும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது அன்புக்குக் குறைவாகாது. பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யாவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007 இன்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனத் தொகையும் கேட்கலாம். வக்கீல் வைத்து வழக்காட வேண்டிய சிரமமின்றி, வருவாய்க் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். பிள்ளையில்லாதவர், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடமும் இவ்வுரிமையைக் கோரலாம். வழி தெரியாமல் தவிக்கும் முதியவர்க்கு 14567 என்னும் உதவி எண்ணும் இருக்கிறது.

கோவையை அடுத்த வடவள்ளி, மருதமலை அடிவாரப் பக்கங்களில் சமையல், மருத்துவ உதவி முதலிய வசதிகளோடு முதியோருக்கென்றே பல குடியிருப்புகள் எழுந்துள்ளன. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் மூத்தவர்கள் இங்கே வந்து குடியேறுகின்றனர். அங்கே செல்வதை, பிள்ளைகள் கைவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக ஊரார் பேசும் வழக்கம் ஒழிய வேண்டும். எனினும் அவ்வசதி பணமுள்ளவர்க்கே எட்டுவது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஜீவிக்கும் கிழவிக்கு அவளுடைய வீதியும், கோயில் திண்ணையும், அண்டை வீட்டாருமே குடியிருப்பு. அவளை நலம் விசாரிப்பவர், "நல்லாத்தான் இருக்கறேன்" என்ற பதிலோடு திரும்பிவிடாமல், மாத்திரை தீர்ந்துவிட்டதா, நேற்று என்ன சமைத்தாய், கண் தெரிகிறதா என்று குறிப்பாகக் கேட்பாரேயானால், அவள் கேட்க மாட்டாத உதவி அவளைத் தேடி வந்துவிடும்.

நானம்மாளும் தனியே நின்று சாதித்தவர் அல்லர். அவர் கற்பித்த பிள்ளைகளும் பேரர்களும் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். ஆகவே, ஐம்பது பிராயத்தை எட்டியவர் ஒவ்வொருவரும், சரீரத்தில் பலமும் கையில் காசும் இருக்கும்போதே, இனி எதைச் செய்து வாழ்வது, யாரிடம் எதைக் கேட்பது என்னும் இரண்டையும் தீர்மானித்து, அதைத் தம் மக்களிடம் வாய்விட்டுச் சொல்லிவைப்பாராக. கொடுத்தே பழகிய கை ஏற்கவும் பழகிக்கொள்ளுமானால், கொங்கு நாட்டு முதுமைக்கு எந்தக் குறையும் இராது.