சால்மனுக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

வீட்டில் இறால் வதக்கும்போது வாணலியை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில் உள்ளே போகும் இறால், சூடு ஏறியதும் சிவந்துவிடும். மிளகாய்த்தூள் போடாமலேயே! அந்தச் சிவப்பு இறாலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அதன் பெயர் அஸ்டாக்சாந்தின். பச்சை இறாலில் ஒரு புரதம் இந்த நிறமியைப் பிடித்து வைத்திருக்கும். சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே தெரிகிறது.

சால்மன் மீனின் சதைக்கு நிறம் தருவதும் இதே நிறமிதான். ஆனால் சால்மனால் இதைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாது. தின்றுதான் சேர்க்க வேண்டும். அலாஸ்காவின் சாக்கை சால்மன் நம் ஊர்க் கூனிறால் போன்ற பொடி உயிர்களைக் கடலில் ஏராளமாக விழுங்குகிறது. அதனால்தான் அதன் சதை அப்படிச் சிவந்திருக்கிறது.

சரி, கூண்டில் வளரும் சால்மன் என்ன செய்யும்? 1970-ல் நார்வேயின் ஹிட்ரா தீவில் அண்ணன் தம்பி இருவர் மிதக்கும் கூண்டுகளில் சால்மனை வளர்த்துக் காட்டினார்கள். இன்று அந்த நாடு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வளர்க்கிறது. அடுத்த இடம் சிலிக்கு. அங்கே இயற்கையில் சால்மனே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுபோய் வளர்த்ததுதான்.  

கூண்டு மீனுக்குச் சோயா, மீன்தூள், எண்ணெய் கலந்த உருண்டைத் தீவனம். கொழுப்பு நன்றாக ஏறும், சதை மெத்தென்றிருக்கும். ஆனால் வெளுத்துப்போயிருக்கும்! ஆகவே தீவனத்தில் அஸ்டாக்சாந்தினைச் சேர்க்கிறார்கள். பெயின்ட் கடையில் வண்ண அட்டை வைத்திருப்பார்களே, அதேபோல சால்மனுக்கும் ஒன்று உண்டு. 20 முதல் 34 வரை எண்ணிட்ட இளஞ்சிவப்புகள். மீன் எந்த எண்ணில் இருக்கிறது என்று வைத்துப் பார்ப்பார்கள். 'சாயம் பூசிய மீன்' என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆலையில் செய்ததென்றாலும் மூலக்கூறு அதேதான், மீனும் அதைத் தின்றுதான் சிவக்கிறது.

சாக்கை பிடிபடும் அலாஸ்காவிலோ மீன் பண்ணைக்கே சட்டப்படி தடை. எல்லாம் கடலிலும் ஆற்றிலும் பிடிப்பது, அதுவும் பருவத்தில் மட்டும். அதனால் சாக்கைக்கு விலை அதிகம்.

சிவப்பாக இருந்தால்தான் விலையா? சினூக் என்ற பெரிய சால்மன்களில் சில, பிறவியிலேயே நிறமியைச் சதையில் சேர்த்துவைக்க முடியாதவை. அதே கடல், அதே இரை, சதை மட்டும் வெள்ளை. ஒரு காலத்தில் அதற்கு விலை குறைவு. இப்போது 'ஐவரி கிங்' என்று பெயர் வைத்து, அரிய மீன் என்று உணவகங்களில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.