மஞ்சப்பையில் இருந்த நிலம்

பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்தவர்கள் பலருக்கு ஒரு காலத்தில் கூரை வீடுதான். வீட்டுக்குள் ஒரு தகரப்பெட்டி, பெட்டிக்குள் மஞ்சப்பை, பைக்குள் மூலப்பத்திரம். சித்திரை வெயிலில் ஒரு கூரை பற்றினால் அடுத்தடுத்த வீடும் பற்றும். ஆடு மாட்டை அவிழ்த்துவிட்ட கையோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். தகரம் தீயைத் தாங்கும் என்பது நினைப்பு. உள்ளே தாள் ஓரம் கருகித் தொட்டால் உதிரும். மிச்சத்தைத் தீயணைக்க ஊற்றிய தண்ணீர் கெடுக்கும்.

அன்றைய வைத்தியம் எளிது: நனைந்த பத்திரத்தைக் கயிற்றுக் கட்டிலில் விரித்து வெயிலில் போடுவது. காய்ந்ததும் அப்பளமாய் நெளிந்துவிடும். ஒட்டிய தாள்களைப் பிய்த்தால் இந்தத் தாளின் எழுத்து அந்தத் தாளோடு போய்விடும். ஊற்றுப்பேனா மை கரைந்து ஊதாக் கறையாகும். எண்ணெய் கலந்த மையில் வைத்த கைநாட்டு மட்டும் அசையாமல் நிற்கும். கிழிசலுக்கு மைதாப் பசை. அது பூச்சிக்கு விருந்து. பின்னால் வந்த செலோடேப் இன்னும் மோசம், சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தையே தின்றது.

பத்திரம் போனால் நிலமே போச்சு என்று நம்பியவர்கள் அதிகம். பதிவான பத்திரத்தின் நகல் பதிவு அலுவலகப் புத்தகத்தில் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஆண்டும் எண்ணும் தெரியாது. ஊர்க் கணக்கு கர்ணம் கையில். 1980-இல் அந்தப் பதவி ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை அவர் சொன்னதுதான் சாட்சி.

இன்று பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு முகாம் போட்டு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தது. ஒரிஜினல் தொலைந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, கண்டறிய இயலாச் சான்று என்று அலைச்சல் உண்டு. ஆனாலும் நிலம் போகாது. கருகிய துண்டு கையில் இருந்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள், அதுவும் ஆதாரம்.

காகிதத்தைக் காப்பாற்றும் வித்தையும் மாறிவிட்டது. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே ராணுவப் பணிக் கோப்புகள் இருந்த கட்டடம் எரிந்தது. ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன; அவற்றுக்கு நகலே இல்லை. தீயில் தப்பித் தண்ணீரில் ஊறியவற்றை வெற்றிட அறைகளில் உலர்த்தி மீட்டார்கள். கருகிய தாளில் அகச்சிவப்பு ஒளியால் எழுத்தைத் தேடும் முறையும் உண்டு. நம் பக்கம், சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் மெல்லிய டிஷ்யூ தாளையும் மாவுச்சத்துப் பசையையும் கொண்டு பழைய நூல்களைச் செப்பனிடுகிறார்கள். அந்தப் பசைக்கு ஒரு நல்ல குணம், பின்னால் வேண்டுமானால் ஈரப்படுத்திக் கழற்றிவிடலாம்.

வீட்டிலும் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நனைந்த தாளை வெயிலில் போடாமல் நிழலில், விசிறிக் காற்றில், இடையிடையே ஒற்றுத்தாள் வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு நாளுக்குள் உலரவில்லை என்றால் பூஞ்சை பிடித்துவிடும். நிறைய இருந்தால் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பார்க்கலாம். லேமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. அன்று செலோடேப் செய்த வேலையை இன்று லேமினேஷன் செய்கிறது.

என்னைக் கேட்டால், பதிவுப் பத்திரத்துக்காகப் பதற வேண்டிய காலம் போய்விட்டது. பதற வேண்டியது வேறு காகிதங்களுக்கு: பதியாத கூர்சீட்டு, புரோநோட்டு, தாத்தாவின் வரவுசெலவு நோட்டு, பதியாத உயில். இவற்றுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது. எரிந்தால் எரிந்ததுதான். கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். படம் ஒரிஜினல் ஆகாது என்றாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். உயிலுக்கு மட்டும் சட்டத்திலேயே வழி இருக்கிறது: 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 42-ஆவது பிரிவின்படி, அதை உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.