இடது கண்ணின் கணக்கு

பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனை ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கும் தெரிந்த பெயர். அங்கே மட்டுமல்ல, எந்த ஊர் கேத் லேபிலும் ஆஞ்சியோ செய்கிற டாக்டர் வழக்கமாக நோயாளிக்கு வலப்பக்கம்தான் நிற்பார். மணிக்கட்டு வழியாக நுழைத்த மெல்லிய குழாயைத் திரையில் பார்த்தபடியே இதயம்வரை கொண்டுபோவார். காலடியில் ஒரு பெடல். அதை மிதித்திருக்கும்வரை எக்ஸ்ரே ஓடும்.

கதிர் மேசைக்கு அடியிலிருந்து நோயாளியின் முதுகு வழியாக மேலே போகிறது. டாக்டர் அதன் பாதையில் இல்லை. அவர்மேல் படுவது நோயாளியின் உடலில் மோதித் திசைமாறிச் சிதறுவது. எக்ஸ்ரே எலக்ட்ரானில் மோதி ஆற்றலில் கொஞ்சம் இழந்து திரும்பும் இந்த விளைவை விளக்கியதற்காகவே காம்ப்டனுக்கு 1927-இல் நோபல் கிடைத்தது. அதற்கு இணையான ஒன்றைச் சாதாரண ஒளியில் தேடிப்போய்த்தான், மறு ஆண்டு கல்கத்தாவில் சர் சி.வி. ராமன் தன் விளைவைக் கண்டார்.

ஆக, டாக்டருக்குக் கதிர்வீசும் மூலம் அவர் காப்பாற்ற வந்த நோயாளியின் உடம்பேதான். பருமனான உடம்பென்றால் எந்திரம் தானாகவே கதிரைக் கூட்டும், சிதறலும் கூடும். தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகும் என்பதால், நர்ஸ் பின்னால் நகர்ந்து நின்றாலே பெரிய லாபம். குழாயைப் பிடித்திருக்கும் டாக்டர் எங்கே நகர்வது? அவருடைய இடப்பக்கம்தான் நோயாளியின் மார்புக்கு அருகில் இருக்கிறது. இடது கண், இடது கன்னம், இடது கை எல்லாம் கூடுதலாக வாங்கிக்கொள்கின்றன.

அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். முதுகுவலி அதற்கான விலை. ஆனால் கண்ணை ஏப்ரன் மூடாது. கண்வில்லையின் பின்புறத்தில் புரை விழுவது கதிர்வீச்சுக்கு உரிய அடையாளங்களில் ஒன்று. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் கண்வில்லைக்கான ஆண்டு வரம்பை 2011-இல் 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20-ஆகக் குறைத்தது. அதுவரை பத்திரமென்று நம்பியிருந்த அளவு அவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறது!

பட்ட கதிரை அளக்க டாக்டர் மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜ் ஓர் அற்புதம். உள்ளே இருப்பது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள். பட்ட கதிரின் ஆற்றலைப் படிகம் மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்; சூடாக்கினால் ஒளியாக விட்டுவிடும். ஒளியின் அளவே கதிரின் அளவு.

ஆனால் அந்த பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே அணிகிறார்கள். ஈயம் மூடிய மார்பின் கணக்கை அது சரியாகவே சொல்லும். மூடாத இடது கண்ணைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கழுத்தை மூடும் ஈயப் பட்டைக்கு வெளியே இன்னொன்று குத்தினால்தான் அந்தக் கணக்குப் பிடிபடும்.