கறுப்பு மருதாணியும் கறுப்பு டையும்

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது பிள்ளைகளுக்கு மருதாணி போட்டுவிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருதாணி இலைக்குக் கறுப்புச் சாயம் கிடையாது. அது தருவது செம்மஞ்சளும் செம்பழுப்பும்தான். நன்றாகச் சிவக்க நேரமும் பிடிக்கும். கொஞ்ச நேரத்திலேயே கை கறுகறுவென்று ஆனால், அந்தக் கோனில் பிபிடி எனப்படும் பாராஃபினைலின்டையமின் கலந்திருக்கக்கூடும். நரைக்குப் பூசும் கறுப்பு டையில் பெரும்பாலும் இருப்பதும் இதே ரசாயனம்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை முடிச்சாயத்தில், தலையில் பூசும் கலவையில் 2 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. தோலில் வரைய அனுமதியே இல்லை. காரணம், இதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. சிறுவயதில் கையில் கொப்புளம் கண்ட பிள்ளைக்கு, பின்னாளில் முதல் நரைக்கு டை பூசும்போது முகமே வீங்கிவிடலாம். டை பூசுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னதாகத் துளி தடவிப் பாருங்கள்.

இந்த ரசாயனம் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சூடானில் குழந்தைகள் தெரியாமல் விழுங்கி இறந்திருக்கிறார்கள். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் மனமுடைந்து குடித்தவர்கள், அதிலும் இளம்பெண்கள், அரசு மருத்துவமனைகளுக்கு வந்தபடி இருக்கிறார்கள். சில மணி நேரத்தில் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சு அடைக்கும். பல நேரம் தொண்டையில் துளையிட்டுத்தான் காப்பாற்ற வேண்டிவரும். அதைத் தாண்டினாலும் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை முடக்கலாம். சிறுநீர் கறுத்துப் போகும். இதயமும் பாதிக்கப்படலாம். முறிமருந்து இல்லை. டை மலிவு விலையில் பெட்டிக்கடையிலேயே கிடைக்க, கிராமத்தில் மூச்சுக்கருவியும் டயாலிசிஸும் எட்டாத தூரத்தில் இருப்பதுதான் ஏழை நாடுகளில் இத்தனை உயிர்களைக் கொண்டுபோகிறது.

மலேசியாவில், பத்துமலை, கிள்ளான் பக்கம் இருக்கும் நமக்கு அந்தத் தூரம் இல்லை. பத்துமலைக்குப் பக்கத்திலேயே செலாயாங் மருத்துவமனை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. இங்கே தாமதம் ஒன்றுதான் எதிரி. விழுங்கியவர் தெளிவாகப் பேசினாலும், "பார்ப்போம்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், டை பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.