ஓபரா பாடகருக்கும் ஒப்பந்தக் கவலை

மைக் இல்லாமல், முழு இசைக்குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டும். அதுதான் ஓபரா. பெயர் பெற்ற பாடகருக்கும் பெரும்பாலும் மேடையேறினால்தான் சம்பளம். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தாலும், தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய பணம் போயிற்று.

ஜெர்மனியில் வேறு மாதிரி. அரசு மானியத்தில் நடக்கும் அரங்குகள் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. நிம்மதிதான், ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். புதுப்பிக்க விருப்பமில்லை என்றால், ஆரம்ப ஆண்டுகளில் நிர்வாகம் அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு தானாக நீளும். ஒரே அரங்கில் 15 ஆண்டு தாண்டியவரை அப்படி எளிதில் அனுப்ப முடியாது. அதனாலேயே, அந்தக் கணக்கு நிறைவதற்குச் சற்று முன்பே சிலருக்குக் கடிதம் வந்துவிடுகிறது. அப்போது வயது நாற்பதைத் தொட்டிருக்கும். குரலில் குறை இருக்காது.