பாக்கி வசூலாகணுமா? வக்கீலும் படிக்கணும்! - ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சொல்லும் பாடம்

ஒரகடத்தில் தயாராகும் கார்கள் எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறி வெளிநாடு போவது தெரிந்த கதைதான். அதே ஒரகடத்திலிருந்து ஒரு வழக்கும் வெளிநாடு போனது, தெரியுமா?

2008-ல் ரெனோ-நிஸான் கூட்டணி தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2010 மார்ச்சில் ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது. முதலீட்டுக்கு ஈடாகத் தருவதாகச் சொன்ன சலுகைத் தொகை முழுசாக வரவில்லை என்பது நிஸானின் புகார். அதற்காக நிஸான், 2011-ல் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தைக் கையிலெடுத்தது. அதன்படி 2017-ல் இந்திய அரசு மீதே சர்வதேச ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை கேட்டது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கும் மேல். வழக்கு ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்தில் பதிவானது. 'இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை' என்ற இந்தியாவின் வாதத்தை 2019-ல் நடுவர்கள் ஏற்கவில்லை. கடைசியில் 2020-ல் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றின் பாக்கித் தகராறுக்கு இரு நாட்டு ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. எந்தச் சட்டக் கல்லூரியில் இதைப் பாடமாக நடத்தியிருப்பார்கள்?

பக்கத்திலேயே இன்னொன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை கைமாறவில்லை. வேலை போன ஆயிரக்கணக்கான இளைஞர்களில் எத்தனை பேருக்கு, 'சாஃப்ட்வேருக்குக் கொடுத்த பணம் ராயல்டியா, இல்லையா' என்ற கேள்விதான் தங்கள் வேலையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது என்று தெரிந்திருக்கும்? அந்த வருமான வரித் தகராறு 2018-ல் இந்தியாவும் ஃபின்லாந்தும் பேசி, சுமார் 1,600 கோடி ரூபாயில் முடிந்தது. ஆலையைப் பிறகு சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

சாம்சங் கதை இன்னும் சமீபம். 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் கேட்டது சங்கப் பதிவு. நிறுவனமோ, சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது என்றது. தொழிற்சங்கச் சட்டம் படித்த வக்கீல் டிரேட்மார்க் சட்டத்தையும், டிரேட்மார்க் வக்கீல் தொழிற்சங்கச் சட்டத்தையும் தேடி ஓட வேண்டியதாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் 'சாம்சங்' பெயரோடே சங்கம் பதிவானது.

ஆடிட்டருக்கு உண்டு, வக்கீலுக்கு இல்லை

தொழில் செய்கிற ஆடிட்டர் குறிப்பிட்ட மணி நேரம் தொடர் கல்வி வகுப்புகளில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அது அவர்களுடைய இன்ஸ்டிட்யூட் விதி. கம்பெனி செக்ரட்டரிகளுக்கும் அப்படித்தான். சிங்கப்பூரில் வழக்கறிஞர்களுக்கும் இது கட்டாயம்.

இந்திய வழக்கறிஞருக்கு? பட்டம் வாங்கி, பதிவு செய்து, 2011-ல் வந்த அகில இந்திய பார் தேர்வை ஒரு முறை எழுதித் தேறினால் போதும். அதன்பிறகு நாற்பது வருடம் ஒரு புத்தகத்தைத் திறக்காவிட்டாலும் கறுப்பு அங்கியைக் கழற்றச் சொல்ல முடியாது. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், கருத்தரங்கு நடத்துவதை மாநில பார் கவுன்சிலின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. வந்து உட்கார வேண்டும் என்று வக்கீலை அது கட்டாயப்படுத்தவில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது வக்கீல்களின் சங்கங்கள்தாம். சென்னையில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1880-களில் மயிலாப்பூரில் எஸ்.சுப்பிரமணிய ஐயர் வீட்டில் சனிக்கிழமைதோறும் மாலையில் வக்கீல்கள் கூடுவார்கள். அந்த வாரத் தீர்ப்புகளை அலசுவார்கள். 'சனிக்கிழமை கிளப்' என்று பெயர். அங்கே 1888-ல் பேசத் தொடங்கிய யோசனைதான் 1891-ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' ஆனது. இன்றைக்கு ஸ்டடி சர்க்கிள், வெபினார் என்று என்ன பெயர் வைத்தாலும் வேலை அதே வேலைதான். ஒரு சீனியர் புதுத் தீர்ப்பைப் பிரித்துப் போட, ஜூனியர்கள் கேள்வி கேட்பார்கள். இதில் ஒரு சின்ன சுயநலமும் உண்டு. வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நாலு பேருக்கு நடுவில் நன்றாகப் பேசினால்தான் 'இந்த மாதிரி கேஸுக்கு இவரிடம் போ' என்று பெயர் கிடைக்கும்.

சங்கங்கள் பாடம் எடுப்பதோடு நிற்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கண்ட மெட்ராஸ் பார் அசோசியேஷன், கம்பெனி வழக்குகளை நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பாயத்துக்கு மாற்றும் சட்டத்தை எதிர்த்தது. அதன் தலைவர் ஆர்.காந்தி பெயரிலேயே அந்த வழக்கு அறியப்படுகிறது. தீர்ப்பாயம் அமைக்கலாம், ஆனால் அதன் உறுப்பினர்களை அரசு இஷ்டத்துக்கு நியமிக்கக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சங்கம் 2014, 2015, 2020, 2021, 2025 என்று தீர்ப்பாயங்கள் குறித்துத் திரும்பத் திரும்பத் தீர்ப்பு வாங்கியது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2016-ல் செயல்படத் தொடங்கியது. ஒரு கம்பெனி திவாலானால், அதற்கு உதிரி பாகம் சப்ளை செய்தவருக்குப் பணம் வருமா என்பதை இன்று தீர்மானிப்பது அந்தத் தீர்ப்பாயம்தான்.

45 நாள் கணக்கு

பெரிய கம்பெனி வழக்குகளை விடுங்கள். இந்தச் சாலையின் உண்மையான வழக்கு ரூ.10 லட்சம் பாக்கிதான்.

ஒரு பட்டறைக்காரரை எடுத்துக்கொள்வோம். நாலு பிரஸ் மெஷின், பதினைந்து ஆட்கள். கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிற இன்னொரு கம்பெனிக்கு இவர் சப்ளையர். சரக்கு போய்ச் சேர்ந்தது. இன்வாய்ஸும் போனது. பணம்தான் வரவில்லை. 'குவாலிட்டி பார்க்கணும்', 'அக்கவுன்ட்ஸ்ல பேசறோம்' என்று ஆறு மாதம் ஓடுகிறது. வாரச் சம்பளத்துக்கு வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது.

இவருக்காகவே 2006-ல் வந்தது குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6% என்று வைத்துக்கொண்டால் வட்டி 18%. பத்து லட்சத்துக்கு ஒரு வருடத்தில் ஏறக்குறைய ரூ.1.95 லட்சம். இதற்கு சிவில் கோர்ட் படியேற வேண்டாம். வசதியாக்க மன்றத்தில் மனு போட்டால் முதலில் சமரசப் பேச்சு, முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. மனுவை இணையதளத்திலேயே போடலாம். தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் கம்பெனி, தீர்ப்புத் தொகையில் 75 சதவிகிதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், வக்கீலின் படிப்பு சோதிக்கப்படுவது இங்கேதான்.

'பர்ச்சேஸ் ஆர்டரில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருக்கிறதே, மன்றத்துக்குப் போக முடியாது' என்று ஒரு வக்கீல் திருப்பி அனுப்பலாம். அது தவறு. இந்தச் சட்டம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தையும் மீறி நிற்கும் என்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'இப்போ உத்யம் பதிவு போட்டுட்டா போதும், பழைய பாக்கியையும் கேட்கலாம்' என்று இன்னொருவர் தைரியம் சொல்லலாம். அதுவும் ஆபத்து. ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்தால் பழைய சப்ளைக்குப் பலன் கிடையாது என்றது 2021-ன் சில்பி இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு. அத்தோடும் முடியவில்லை. அந்தக் கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. ஆக, 2021 தீர்ப்பை மட்டும் படித்தவர் சொல்லும் பதிலும் பாதிதான்.

நேராக கோர்ட்டுக்கே போகலாம் என்றால் அங்கேயும் விதிகள் மாறிவிட்டன. 2015-ல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. 2018 முதல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கெல்லாம் அதன்கீழ் வரும். அவசரத் தடை உத்தரவு தேவைப்படாத வழக்கென்றால், முதலில் மத்தியஸ்தத்துக்குப் போயே தீர வேண்டும். போகாமல் போட்ட வழக்கை வாசலிலேயே தள்ளிவிடலாம் என்று 2022 ஆகஸ்ட்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பானது. எதிர்த்தரப்புக்கும் பொறி உண்டு. சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பதிலுரை போடாவிட்டால், பிறகு போடவே முடியாது. வாய்தா வாங்கியே காலம் தள்ளிப் பழகிய சிவில் வக்கீல்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. (மத்தியஸ்தத்தில் தமிழகம் முன்னோடி என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் மத்தியஸ்த மையம், மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முயற்சியில் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது.)

சட்டம் சில நேரம் எதிர்பாராத இடத்தில் இடிக்கும். சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பாக்கியை உரிய நாளில் தராவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. பணம் சீக்கிரம் வரும் என்று மகிழ்ந்தவர்களோடு, 'பதிவு இல்லாத ஆளிடமே வாங்கிக்கொள்கிறோம் என்று ஆர்டரை மாற்றிவிடுவார்களோ' என்று பயந்தவர்களும் இருந்தார்கள். சட்டம் வசூலிக்க வழி சொல்கிறது. அடுத்த ஆர்டரைக் காப்பாற்ற வழி சொல்லவில்லை. அனுபவமுள்ள வக்கீல் நோட்டீஸ் அடிப்பதற்கு முன் இதைத்தான் முதலில் பேசுவார்.

மேசையின் அந்தப் பக்கம்

எதிரில் உட்காருவது கம்பெனியின் லீகல் ஆபீஸர். சட்டம் படித்தவர், ஆனால் வக்கீல் அல்ல. முழுநேரச் சம்பளத்துக்குப் போகிறவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-வது விதி. வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதை வெளியே சொல்ல வேண்டியதில்லை என்ற முழுப் பாதுகாப்பும் இவருக்கு இல்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிற்பேட்டையின் ஒப்பந்தங்களை எழுதுகிறவர்களில் பலர் இவர்கள்தான். நீதிமன்ற வளாகத்துச் சாயங்கால வகுப்புக்கு இவர்கள் வருவது அபூர்வம். ஒரே அறையில் இரு தரப்பும் உட்கார்ந்து, 'இந்தப் பிரிவை இப்படி எழுதினால் சப்ளையர் செத்தான்' என்று பேசும் வாய்ப்பு தொழில் அமைப்புகள் நடத்தும் கூட்டங்களில்தான் கிடைக்கிறது.

கொரிய, ஜப்பானிய முதலாளிகளோடு அவர்களுடைய வக்கீல்களும் வந்தார்கள். அதை எதிர்த்து ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர், முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு சட்ட நிறுவனங்களைச் சேர்த்து வழக்குப் போட்டதும் சென்னையில்தான். வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம், இங்கே தொழில் நடத்த முடியாது என்று 2012-ல் உயர் நீதிமன்றமும், சில திருத்தங்களோடு 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லின. 2023-ல் பார் கவுன்சிலே வரையறையோடு கதவைக் கொஞ்சம் திறந்தது. போட்டி வரத்தான் போகிறது. டோக்கியோவில் 1991-ல் தொடங்கிய இன்டர்-பசிபிக் பார் அசோசியேஷன் போன்ற வணிக வழக்கறிஞர் அமைப்புகளில், ஜப்பானிய வக்கீல் இந்திய வக்கீலை நேரில் சந்தித்துப் பழக முடிகிறது. அந்தக் கூட்டங்களுக்குப் போய்வரும் செலவு சென்னையின் பெரிய சட்ட நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் செக் பவுன்ஸ் வழக்கு நடத்தும் வக்கீலுக்கு ஆகாது. பட்டறைக்காரர் முதலில் தேடிப் போவதோ அவரைத்தான்.

இப்போது அவர் மேசைக்குப் புதுச் சுமை வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. குறித்த காலத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. வல்லம் வடகாலிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வீட்டில் இந்தக் கேள்வி எழும். கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் அந்த வக்கீல்தான்.

வகுப்பு பாரிமுனையில், கோர்ட் முடிந்த பிறகு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், பூந்தமல்லி டிராஃபிக்கைத் தாண்டி. கொரோனாவுக்குப் பிறகு பல சங்கங்கள் உரைகளை ஆன்லைனில் போடுகின்றன. சுங்குவார்சத்திரத்து ஜூனியர் பஸ்ஸில் நின்றபடியே இயர்போனில் கேட்டுக்கொண்டு வீடு போய்ச் சேரலாம்.