ஹாஜி விதைத்த தோட்டம்

1994 உலகக் கோப்பையில் ருமேனியாவின் முதல் ஆட்டம், கொலம்பியாவுடன். அந்தக் கோப்பையைக் கொலம்பியாவே தூக்கும் என்று பெரிய தலைகள் பலர் ஆரூடம் சொல்லியிருந்தார்கள். 34-வது நிமிடம். இடது ஓரத்தில் பந்து கியோர்கே ஹாஜியிடம் வருகிறது. கோலிலிருந்து வெகு தொலைவு. யாராக இருந்தாலும் உள்ளே ‘கிராஸ்’ போடத்தான் பார்ப்பார்கள். ஹாஜி தலையை நிமிர்த்திப் பார்த்தார். கொலம்பிய கோல்கீப்பர் கோர்டோபா இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தார். அவ்வளவு போதும். இடது காலால் தூக்கி அடித்த பந்து, பின்னால் ஓடிய கோர்டோபாவின் கைக்கு எட்டாமல் தூரத்துக் கம்பத்தை ஒட்டி உள்ளே விழுந்தது. 3-1 என ருமேனியா வென்றது. அடுத்து நாக்-அவுட்டில் அர்ஜென்டினாவையும் வீட்டுக்கு அனுப்பி, காலிறுதியில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்றது. ருமேனியா உலகக் கோப்பையில் எட்டிய உச்சம் இன்றுவரை அதுதான்.

‘கார்பாத்தியன் மலையின் மரடோனா’ என்று அவரை அழைத்தார்கள். திறமையில் மட்டுமல்ல, கோபத்திலும் பொருத்தமான பட்டம்தான். 2000-ல் கோபன்ஹேகனில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம். ஹாஜி ஆடிய இஸ்தான்புல் கிளப்பான கலாட்டாசராய்க்கு எதிரணி ஆர்சனல். கூடுதல் நேரத்தில் ஆர்சனலின் டோனி ஆடம்ஸை அடித்ததற்காகச் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வெளியேறினார் ஹாஜி. பத்துப் பேரோடு தாக்குப்பிடித்த கலாட்டாசராய் பெனால்டியில் ஜெயித்தது. கடைசி பெனால்டியை அடித்த போபெஸ்கு, ஹாஜியின் நெருங்கிய உறவினர். ஒரு துருக்கி கிளப் ஐரோப்பியக் கோப்பை வென்றது அதுவே முதல்முறை. அடுத்த மாதமே யூரோவில் இத்தாலிக்கு எதிராக இன்னொரு சிவப்பு அட்டை. தேசிய அணிக்கு அவர் ஆடிய கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் ஆடியவர்தான். ஆனால் அவர் பேர் நிலைத்தது அங்கே அல்ல, இஸ்தான்புல்லில். கலாட்டாசராயோடு தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள்.

பயிற்சியாளர் வாழ்க்கை அவ்வளவு சுலபமாக அமையவில்லை. 2001-ல் தேசிய அணியின் பொறுப்பேற்றார். பிளே-ஆஃபில் ஸ்லோவேனியாவிடம் தோற்று 2002 உலகக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. பிறகு புர்சாஸ்போர், திமிஷ்வாரா, ஸ்டாவ்வா என்று எங்கேயும் நீடிக்கவில்லை. விதிவிலக்கு, 2005-ல் கலாட்டாசராய் பயிற்சியாளராக ஃபெனர்பாச்சேவை 5-1 என நொறுக்கித் துருக்கிக் கோப்பை வென்றது. அடுத்தவர் கிளப்பில், அடுத்தவர் பொறுக்கிய வீரர்களோடு, முதலாளியின் மூக்கு நுனிக் கோபத்தையும் சமாளித்துக்கொண்டு வேலை பார்க்கும் ஆள் அல்ல அவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2009-ல் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். பிறந்த ஊர்ப் பக்கம், கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டன்சாவை அடுத்த ஒவிடியு என்ற சிற்றூரில் கால்பந்து அகாடமியும், வீட்டோருல் என்ற கிளப்பும் உருவாயின. மூன்றே வருடத்தில் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறியது. பெரும்பாலும் அகாடமியில் வளர்ந்த பையன்கள். இருபது வயதைத் தாண்டாதவனையும் துணிந்து களத்தில் இறக்குவார், தேறியதும் விற்பார், அடுத்தவனை இறக்குவார். ருமேனியாவில் இதைச் செய்யக் காசு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். ஹாஜியிடம் பொறுமையா என்று சிரித்தவர்கள் உண்டு.

2017-ல் ருமேனிய லீக்கில் வீட்டோருலும் ஸ்டாவ்வா வழிவந்த எஃப்சிஎஸ்பியும் தலா 44 புள்ளியில் நின்றன. நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கில் பட்டம் வீட்டோருலுக்கு. எதிர்த்தரப்பு சுவிட்சர்லாந்திலுள்ள சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம்வரை போயும் பலிக்கவில்லை.

2021-ல் ஹாஜி வீட்டோருலைத் தன் பால்ய கிளப்பான ஃபாருலோடு இணைத்தார். 2023 மே மாதம், அதே எஃப்சிஎஸ்பி, அதே ஒவிடியு மைதானம். 0-2 எனப் பின்தங்கிய ஃபாருல் 3-2 என ஜெயித்து, நூறு வருட வரலாற்றில் முதல் லீக் பட்டத்தை எடுத்தது. மறுவருடம் யூரோவில் ருமேனியா உக்ரைனை 3-0 என வீழ்த்தியது. அதில் இரண்டாவது கோல் அடித்த ரஸ்வான் மரின், ஒவிடியு அகாடமியில் வளர்ந்த பையன். அந்த அணியில் ஹாஜியின் மகன் இயானிஸும் இருந்தார்.